காம்பினட்டோரியல் டிசைன்: இத்தனை வகை எதற்கு, யார் பயன்படுத்துகிறார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். எம்.எஸ்சி கணிதம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடத்திட்டத்தில் காம்பினட்டோரியல் டிசைன் (பொருள்களைக் குழுக்களாக, அவற்றின் சேர்க்கைகள் சமமாக வரும்படி அடுக்கும் கணிதம்) என்ற தலைப்பில் பிஐபிடி, இலத்தீன் சதுரம், ஸ்டெய்னர் டிரிப்பிள், ஹாடமார்டு அணி, ப்ரொஜெக்டிவ் பிளேன், டி-டிசைன் என்று வரிசையாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஒரு தேற்றம், உடனே அடுத்த பாடம், இவற்றுக்குள் என்ன உறவு, வெளியுலகில் யாராவது இதைத் தொடுகிறார்களா?

நான் புள்ளியியல் படித்துவிட்டு ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் காலம் தள்ளுகிறவன். ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் படித்ததில் உருப்படியாகச் சோறு போட்டது இந்த ஒரு பாடம்தான் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவை தனித்தனி வகைகள் இல்லை. ஒன்றிரண்டு சின்ன அமைப்புகளே வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன. எதிலிருந்து எது வருகிறது என்று தெரிந்தால் மனப்பாடம் பாதி குறையும்.

காபியில் ஆரம்பிக்கலாம். மேற்கு மாம்பலத்தில் ஒரு காபித்தூள் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீபெரி, பிளான்டேஷன், ரோபஸ்டா மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து, சிக்கரியைக் கூட்டிக் குறைத்து, 7 கலவை தயார் செய்திருக்கிறார்கள். எது எடுபடும் என்று ஆட்களைக் குடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஏழையும் கொடுத்தால் நாலாவது டம்ளரிலேயே நாக்கு மரத்துப் போகும், அதற்கப்புறம் அவர் போடுகிற மார்க்குக்கு மதிப்பில்லை. அதனால் ஆளுக்கு 3 டம்ளர்தான். இன்னொரு சிக்கல், ஒருவர் தாராளமாக 8 மார்க் போடுவார், இன்னொருவர் அதே காபிக்கு 5 போட்டுவிட்டு அதுவே அதிகம் என்பார். ஆகவே இரண்டு கலவைகளை ஒப்பிட வேண்டுமென்றால் அந்த இரண்டையும் ஒரே ஆள் குடித்திருந்தால் நல்லது. எந்த இரண்டை எடுத்தாலும் அந்த ஜோடியை யாராவது ஒருவர், சரியாக ஒரே ஒருவர், குடித்திருக்கும்படி செய்ய முடியுமா?

முடியும், 7 பேர் போதும். கலவைகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்தால்:

1-2-4, 2-3-5, 3-4-6, 4-5-7, 5-6-1, 6-7-2, 7-1-3.

படிப்பதை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு ஜோடியை எடுத்துத் தேடிப் பாருங்கள். 3-ம் 7-ம்? கடைசி ஆள். 2-ம் 6-ம்? ஆறாவது ஆள். எல்லா ஜோடியும் ஒரு முறை வரும், எதுவும் இரண்டாம் முறை வராது. இதை ஒருவர் உட்கார்ந்து தடவித் தடவிக் கண்டுபிடிக்கவில்லை. முதல் வரியை மட்டும் பிடித்தால் போதும். எண்களுக்குப் பதில் கிழமைகளைப் போடுங்கள்: ஞாயிறு, திங்கள், புதன். ஞாயிறுக்கும் திங்களுக்கும் இடைவெளி 1 நாள், திங்களுக்கும் புதனுக்கும் 2, ஞாயிறுக்கும் புதனுக்கும் 3. வாரம் ஒரு வட்டம் என்பதால் எந்த இரண்டு கிழமைக்கும் நடுவே குறுகிய வழியில் 1, 2 அல்லது 3 நாள்தான் இருக்க முடியும், அந்த மூன்றும் இந்த மூன்று கிழமைக்குள் ஒவ்வொரு தடவை வந்துவிட்டன. இனி மூன்றையும் ஒரு நாள் ஒரு நாளாகத் தள்ளிக்கொண்டே போனால் மற்ற எல்லா ஜோடியும் தானாக வரும். இந்த உத்திக்கு டிஃபரன்ஸ் செட் என்று பெயர். எனக்குக் கேட்டால் முதல் வகுப்பிலேயே இதைத்தான் நடத்த வேண்டும், ஐந்து எழுத்துகளைப் போட்டுவிட்டு “என்க” என்று ஆரம்பிக்கக் கூடாது.

சரி, புத்தகத்தில் v, b, r, k, λ என்று வரும் அந்த ஐந்து எழுத்து: பொருள்கள் 7, பிளாக்குகள் (இங்கே குடிக்கிற ஆட்கள்) 7, ஒவ்வொரு கலவையும் 3 பேரிடம் போகிறது, ஒவ்வொருவரும் 3 குடிக்கிறார்கள், ஒவ்வொரு ஜோடியும் 1 முறை. இப்படி அமைந்தால் அது பிஐபிடி, அதாவது பேலன்ஸ்டு இன்கம்ப்ளீட் பிளாக் டிசைன். எல்லோருக்கும் எல்லாம் கிடைக்காததால் இன்கம்ப்ளீட், அந்தக் குறையும் எல்லா ஜோடிக்கும் சமமாகப் பங்கு போடப்பட்டதால் பேலன்ஸ்டு. பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் இதுதான். டம்ளர்களை இரண்டு விதமாக எண்ணினால் ஒரு சமன்பாடு கிடைக்கும் (7 பேர் × 3 டம்ளர் = 7 கலவை × 3 முறை). ஒரு கலவையோடு கூட வரும் மற்ற டம்ளர்களை எண்ணினால் இன்னொன்று (3 பேர் × கூட 2 டம்ளர் = மற்ற 6 கலவை × 1 முறை). இந்த இரண்டும் சரியாக வராவிட்டால் டிசைன் கிடையாது, வந்தாலும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பிளாக்குகளின் எண்ணிக்கை பொருள்களின் எண்ணிக்கைக்குக் குறைய முடியாது என்பது 1940-ல் ஃபிஷர் நிறுவியது. அதாவது ஒருவருக்கே எல்லாவற்றையும் ஊற்றிக் கொடுக்காத வரை, 7 கலவையை 6 பேரை வைத்து இப்படிச் சமாளிக்கவே முடியாது.

ரொனால்ட் ஃபிஷர் 1919-ல் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர். இந்தத் துறைக்கு வயல் வாசனை அங்கிருந்து வந்ததுதான். நிலம் ஒரே சீராக இருக்காது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற யாரைக் கேட்டாலும் மதகுக்கு அருகில் ஒரு மாதிரி, கடைமடையில் ஒரு மாதிரி என்பார்கள். 4 ரகங்களை நாலு பாத்தியில் போட்டு எது அதிகம் விளைந்தது என்று பார்த்தால், ஜெயித்தது ரகமா, மதகுப் பக்கமா என்று தெரியாது. அதனால் வயலை 4×4 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முறை, ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒரு முறை வருமாறு போடுகிறார்கள். அதுதான் இலத்தீன் சதுரம். சுடோகு போடத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அது 9×9 இலத்தீன் சதுரத்துக்குமேல் இன்னொரு நிபந்தனை சேர்த்தது. ரகங்கள் நிறைய இருந்தால் ஒரே பிளாக்கில் எல்லாம் அடங்காது, அதற்காக ஃபிராங்க் யேட்ஸ் 1936-ல் கொண்டுவந்ததுதான் மேலே பார்த்த பிஐபிடி. அதை எப்படிக் கட்டுவது என்பதைப் பெரிய கணிதமாக்கியவர் நம்மூர்க்காரர், ராஜ் சந்திர போஸ். மகலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தபடி 1939-ல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அஸ்திவாரம். அவர் பெயர் இன்னும் இரண்டு இடத்தில் வரப்போகிறது.

இப்போது அதே ஏழு காபியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு இரண்டு அத்தியாயங்களுக்குள் போகலாம், நான் ஆரம்பத்தில் சொன்ன சட்டை மாற்றும் விஷயம் இங்கேதான் தெரியும்.

கலவைகளைப் புள்ளிகள் என்றும், ஆட்களைக் கோடுகள் என்றும் நினையுங்கள். எந்த இரண்டு புள்ளி வழியாகவும் ஒரு கோடு, எந்த இரண்டு கோடும் ஒரு புள்ளியில் சந்திக்கும், இணைகோடு என்பதே கிடையாது. இதுதான் ஃபானோ பிளேன், மிகச் சின்ன ப்ரொஜெக்டிவ் பிளேன். அடுத்து, ஒவ்வொரு ஆளையும் 7 இலக்க 0-1 வரிசையாக எழுதுங்கள், குடித்த கலவைக்கு 1, குடிக்காததற்கு 0. முதல் ஆள் 1101000. இப்படி 7 வரிசை. 0-வை 1 ஆக்கி 1-ஐ 0 ஆக்கினால் இன்னும் 7. எல்லாம் 0, எல்லாம் 1 என்று இரண்டையும் சேர்த்தால் 16. இந்தப் பதினாறில் எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது 3 இடத்தில் வேறுபடும். ஆகவே அனுப்பும் வழியில் ஏதாவது ஒரு இலக்கம் கெட்டுப்போனாலும், வந்தது எதற்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்த்துச் சரி செய்துவிடலாம், குழப்பம் வராது. 16 என்றால் 4 பிட் செய்தி, 7 பிட்டில் அனுப்புகிறோம். பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹேமிங் 1950-ல் வெளியிட்ட ஹேமிங் கோடு (இந்தக் கோடு line இல்லை, code, அதாவது குறியீடு) இதுதான். காபி மாதிரிப் பட்டியலும் பிழை திருத்தும் குறியீடும் ஒரே தாள் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை, ஒரு நாள் வரவில்லை.

அதே 7×7 கட்டத்தில் 1-ஐ + என்றும் 0-வை − என்றும் மாற்றி, மேலே ஒரு வரிசை முழுக்க +, இடப்பக்கம் ஒரு நெடுவரிசை முழுக்க + என்று கரை கட்டுங்கள். 8×8 அணி வரும், எந்த இரண்டு வரிசையை ஒப்பிட்டாலும் 4 இடத்தில் ஒத்துப்போகும், 4 இடத்தில் மாறும். இது ஹாடமார்டு அணி. அந்தக் கரையில் உள்ள + நெடுவரிசையை விட்டுவிட்டுப் பார்த்தால் 8 வரிசை, 7 நெடுவரிசை. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறவர்களிடம் “எல்-எட்டு” என்றால் உடனே புரியும், டாகுச்சி முறையில் அவர்கள் வைத்திருக்கும் அட்டவணை இதுதான். வார்ப்பில் உலோகச் சூடு, மணல் ஈரம், ஊற்றும் வேகம் என்று 7 காரணிகள், ஒவ்வொன்றும் கூட அல்லது குறைய என்று 2 நிலை. எல்லாச் சேர்க்கையையும் சோதிக்க 128 ஓட்டம் வேண்டும், இந்த அட்டவணைப்படி 8 ஓட்டம். இதில் ஒரு வில்லங்கத்தைச் சொல்லாமல் விடுவது தப்பு. இரண்டு காரணிகள் சேர்ந்தால் மட்டும் வரும் விளைவு, இந்த 8 ஓட்டத்தில் மூன்றாவது ஒரு காரணியின் விளைவு மாதிரியே தெரியும். யார் அந்த மூன்றாவது? ஃபானோ கோட்டில் அந்த இரண்டோடு உட்கார்ந்திருக்கும் புள்ளிதான். நிறையப் பயிற்சி வகுப்புகளில் அட்டவணையைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

காபி போதும், அடுத்து ஆட்டோ.

திருவான்மியூரிலிருந்து சோழிங்கநல்லூருக்குச் சேர்ந்து போகிற 9 பேர், 3 ஆட்டோ, ஆட்டோவுக்கு 3 பேர். தினம் ஆளை மாற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் சரியாக ஒரு நாள் போயிருக்க வேண்டும். ஒருவருக்கு மற்ற 8 பேர், நாளைக்கு 2 பேர் என்றால் 4 நாள். ஒன்பது பேரையும் 3×3 கட்டத்தில் உட்கார வையுங்கள்: மேலே 1, 2, 3, நடுவில் 4, 5, 6, கீழே 7, 8, 9. முதல் நாள் வரிசைகள். இரண்டாம் நாள் நெடுவரிசைகள். மூன்றாம் நாள் ஒரு பக்கச் சாய்வு: 1-6-8, 2-4-9, 3-5-7. நாலாம் நாள் மறுபக்கச் சாய்வு: 1-5-9, 3-4-8, 2-6-7. அவ்வளவுதான். சாய்வுக் கோடு கட்டத்தை விட்டு வெளியே போனால் மறுபக்கம் நுழையும், பழைய பாம்பு விளையாட்டு மாதிரி.

இதன் பெரிய அண்ணன்தான் 1850-ல் தாமஸ் கிர்க்மன் கேட்ட பள்ளி மாணவிகள் புதிர். 15 பெண்கள், மூன்று மூன்று பேராக நடக்கிறார்கள், 7 நாளில் எந்த இருவரும் இரண்டு முறை சேர்ந்து நடக்கக் கூடாது. கிர்க்மன் லங்காஷயரில் ஒரு தேவாலயப் பாதிரியார். மூவர் குழுக்களால் எல்லா ஜோடியையும் ஒரு முறை அடைக்க வேண்டுமென்றால் ஆட்களின் எண்ணிக்கையை 6-ஆல் வகுத்த மீதி 1 அல்லது 3 ஆக இருக்க வேண்டும், இருந்தால் கட்டாயம் முடியும் என்று 1847-லேயே நிறுவியிருந்தார். ஜேக்கப் ஸ்டெய்னர் அதே கேள்வியை எழுப்பியது 1853-ல், ஆனால் பெயர் என்னவோ ஸ்டெய்னர் டிரிப்பிள் சிஸ்டம் என்று அவருக்குப் போய்விட்டது. உழைத்தவன் ஒருவன், பேர் வாங்கினவன் இன்னொருவன். நாள் நாளாகவும் பிரிக்க முடிய வேண்டும் என்ற கிர்க்மனின் கூடுதல் நிபந்தனையோடு, 15-க்கு மட்டுமின்றி எல்லா எண்ணிக்கைக்கும் விடை 1971-ல்தான் அச்சில் வந்தது, ராய்-சௌத்ரி, வில்சன் இருவரும் எழுதியது. சீனாவில் பள்ளி ஆசிரியராக இருந்த லு ஜியாஷி என்பவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே முடித்துவிட்டார், வெளியிடத்தான் யாரும் முன்வரவில்லை. எத்தனை விதமாக அமைக்கலாம் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்: 7 பேருக்கு ஒரே விதம், 9-க்கும் ஒரே விதம், 13-க்கு 2, 15-க்கு 80, 19-க்கு 1,108 கோடிக்கும் மேல்.

அந்த 9 கட்டத்தை அழிக்காதீர்கள். என் பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

ஒரு பணம் கட்டும் பக்கத்தைச் சோதிக்க வேண்டும். பிரவுசர் மூன்று (குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி), பணம் கட்டும் வழி மூன்று (யுபிஐ, கார்டு, நெட்பேங்கிங்), மொழி மூன்று (தமிழ், ஆங்கிலம், இந்தி), இணைப்பு மூன்று (வைஃபை, 4ஜி, 5ஜி). மொத்தம் 81 சேர்க்கை. ரிலீஸுக்கு முந்தின நாள் மாலையில் 81-ஐயும் ஓட்டுகிறேன் என்று சொன்னால் மேனேஜர் சிரிப்பார். கட்டத்தின் வரிசை பிரவுசர், நெடுவரிசை பணம் கட்டும் வழி, ஒரு பக்கச் சாய்வு மொழி, மறுபக்கச் சாய்வு இணைப்பு. எழுதிப் பார்த்தால்:

குரோம்: யுபிஐ-தமிழ்-வைஃபை, கார்டு-ஆங்கிலம்-5ஜி, நெட்பேங்கிங்-இந்தி-4ஜி.
ஃபயர்ஃபாக்ஸ்: யுபிஐ-ஆங்கிலம்-4ஜி, கார்டு-இந்தி-வைஃபை, நெட்பேங்கிங்-தமிழ்-5ஜி.
சஃபாரி: யுபிஐ-இந்தி-5ஜி, கார்டு-தமிழ்-4ஜி, நெட்பேங்கிங்-ஆங்கிலம்-வைஃபை.

ஒன்பதே டெஸ்ட் கேஸ், ஆனால் எந்த இரண்டு அம்சத்தை எடுத்தாலும் அவற்றின் ஒன்பது ஜோடியும் வந்துவிட்டது. இதற்கு ஆர்த்தோகனல் அரே என்று பெயர், இதை 1940-களில் உருவாக்கியவர் சி.ஆர். ராவ். எங்கள் தொழிலில் இதன் தம்பியைத்தான் பேர்வைஸ் டெஸ்டிங் என்கிறோம். தம்பி என்று சொல்வது ஏனென்றால், நிஜத்தில் பிரவுசர் 5, மொழி 2, இணைப்பு 3 என்று கோணல்மாணலாகத்தான் இருக்கும், எல்லா ஜோடியும் சமமாக வர வழியில்லை, குறைந்தது ஒரு முறை வந்தால் போதும் என்று தளர்த்திக்கொள்கிறோம். அப்படித் தளர்த்தியது கவரிங் அரே. பெரும்பாலான பிழைகள் ஒரு அம்சத்தாலோ இரண்டு அம்சம் சேர்ந்தோதான் வருகின்றன என்பதால் இது பலிக்கிறது. பலிக்காத நாளும் உண்டு. மேலே உள்ள அட்டவணையில் சஃபாரியும் நெட்பேங்கிங்கும் ஆங்கிலத்தோடு மட்டும்தான் சேர்கின்றன, தமிழோடு சேரும்போது மட்டும் பக்கம் விழுந்தால் இந்த ஒன்பதுக்கும் தெரியாது. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஏறக்குறைய இதே மாதிரி மூன்று சேர்ந்தால் மட்டும் வரும் ஒரு பக் ரிலீஸில் தப்பிப் போய், சனிக்கிழமை ராத்திரி எல்லோரையும் அலுவலகத்துக்கு இழுத்தது. ஜோடிகளை மட்டும் பார்க்கச் சொன்னால் டிசைன் ஜோடிகளை மட்டும்தான் பார்க்கும், அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, இந்த அட்டவணையில் மொழியும் இணைப்பும் தனித்தனியே ஒரு இலத்தீன் சதுரம், ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் ஒன்பது ஜோடியும் ஒவ்வொரு முறை வருகிறது. இப்படிப்பட்ட இரட்டையை ஆர்த்தோகனல் இலத்தீன் சதுரங்கள் என்பார்கள். 3×3, 4×4, 5×5 எல்லாவற்றுக்கும் உண்டு. ஆய்லர் 6×6-க்குத் தேடினார்: 6 ரெஜிமென்ட், 6 பதவி, 36 அதிகாரிகள், சதுரமாக நிறுத்த வேண்டும், எந்த வரிசையிலும் நெடுவரிசையிலும் ரெஜிமென்டும் பதவியும் திரும்ப வரக் கூடாது. கிடைக்கவில்லை. 1782-ல் வந்த கட்டுரையில், 6, 10, 14, 18 என்று போகும் அளவுகள் எதிலும் முடியாது என்று அனுமானம் செய்தார். 6-க்கு அது சரி என்று காஸ்டன் டாரி 1900-ஐ ஒட்டி எல்லா வாய்ப்பையும் கையாலேயே அலசி நிறுவினார். மீதி எல்லாம் தப்பு. 1959-ல் போஸ், அவருடைய மாணவர் ஷ்ரீகண்டே, பார்க்கர் மூவரும் சேர்ந்து, 6-க்கு மேலே எல்லா அளவிலும் முடியும் என்று காட்டிவிட்டார்கள், பார்க்கர் செய்த 10×10 உட்பட. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்த செய்தி அது. கணிதம் முதல் பக்கத்தில் வருவதெல்லாம் எப்போதாவதுதானே.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது நம்ம ஊரில் இன்னொரு திருப்பம். 2022-ல் ஐஐடி மெட்ராஸின் அருள் லட்சுமிநாராயண், சுஹைல் அகமது ராதர் ஆகியோரும் போலந்து நாட்டு இயற்பியலாளர்களும் சேர்ந்து, அதே 36 அதிகாரிகளைக் குவாண்டம் அதிகாரிகளாக மாற்றினால் 6×6-க்கும் விடை உண்டு என்று வெளியிட்டார்கள். ஒவ்வொரு அதிகாரியும் ஒரே பதவி, ஒரே ரெஜிமென்ட் என்றில்லாமல் பலவற்றின் கலவையாக, பதவியும் ரெஜிமென்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கலாம் என்று விட்டுக்கொடுத்தால் வழி பிறக்கிறது. விடையில் வரும் எண்களில் தங்க விகிதம் எட்டிப் பார்த்தது அவர்களுக்கே ஆச்சரியம். ஆறு நிலை கொண்ட நான்கு துகள்கள் அதிகபட்சமாகப் பிணைந்திருக்கும் நிலை அது, குவாண்டம் பிழை திருத்தத்தில் இதற்கு வேலை இருக்கிறது. 240 ஆண்டுக்கு முந்தைய புதிருக்கு அடையாற்றங்கரைப் பக்கத்தில், மான்கள் மேய்கிற வளாகத்தில் ஒரு விடை.

பயன் என்று கேட்டால் எல்லோருக்கும் உடனே புரிகிற உதாரணம் 2020-ல் நடந்தது. கோவிட் பரிசோதனைக்கு ஆளுக்கொரு டெஸ்ட் என்று போனால் கட்டுப்படியாகாது. பல மாதிரிகளைக் கலந்து ஒரே டெஸ்டாகச் செய்யலாம், ஆனால் பாசிட்டிவ் வந்தால் யார் என்று கண்டுபிடிக்க மறுபடி எல்லோரையும் சோதிக்க வேண்டும். கிர்க்மனின் 15 பெண்களைக் கூப்பிடுங்கள். அந்த 15 பெண்கள் இப்போது 15 டெஸ்ட் குழாய்கள். 7 நாள், நாளுக்கு 5 மூவர் குழு, ஆக 35 மூவர் குழுக்கள் இருந்தன இல்லையா, அவை 35 நோயாளிகள். ஒவ்வொருவர் மாதிரியும் தன் குழுவில் உள்ள 3 குழாய்களில் போகிறது. ஒருவருக்கு மட்டும் தொற்று என்றால் சரியாக அவருடைய 3 குழாய் பாசிட்டிவ் காட்டும். இரண்டு பேருக்கு என்றால்? 5 அல்லது 6 குழாய். அப்போது மூன்றாவது ஒருவர்மேல் வீண் சந்தேகம் வருமா? வராது. அவருடைய மூன்று குழாயும் அந்த ஆறுக்குள் இருக்க வேண்டுமென்றால், அதில் குறைந்தது இரண்டு, தொற்றுள்ள ஒரே நோயாளியின் குழாய்களாக இருந்தாக வேண்டும். ஒரு ஜோடி ஒரு குழுவில்தான் வரும் என்பதால் அது நடக்காது. ஆக 35 பேரில் 2 பேர் வரை, 15 டெஸ்டில், ஒரே சுற்றில் ஆளைப் பெயரோடு சொல்லிவிடலாம். ஐஐடி பாம்பே குழு ஒன்று உருவாக்கிய டேபெஸ்ட்ரி என்ற முறையில் கிர்க்மன் டிரிப்பிள்களைத்தான் பயன்படுத்தினார்கள். 1850-ல் ஒரு பாதிரியார் பொழுதுபோக்காகப் போட்ட புதிர்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோடிக்குப் பதில் மூன்று, நாலு, ஐந்து பொருள்கள் சேர்ந்து வருவதைச் சமமாக்கினால் டி-டிசைன். அதில் நட்சத்திரம் 24 புள்ளிகள், 8 புள்ளி கொண்ட 759 பிளாக்குகள், எந்த 5 புள்ளியும் ஒரே ஒரு பிளாக்கில் வரும் அமைப்பு. இதோடு ஒட்டிப்பிறந்த கோலே கோடு என்ற பிழை திருத்தும் குறியீடுதான் வாயேஜர் விண்கலங்கள் வியாழனையும் சனியையும் எடுத்த வண்ணப் படங்களைப் பிழையின்றிக் கொண்டுவந்து சேர்த்தது. 1971-ல் செவ்வாய்க்குப் போன மரைனர் 9 பயன்படுத்தியது 32 அளவு ஹாடமார்டு அணி. 2000-களில் இங்கே பிரபலமாக இருந்த சிடிஎம்ஏ போன்களில் ஒரே அலைவரிசையில் பல பேர் பேச வைத்தது 64 அளவு ஹாடமார்டு அணியின் வரிசைகள். அப்புறம் தெருமுனை இளநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை, அதன் மூலைச் சதுரங்களை ஒட்டி ஓடும் 15 பிட் தகவலைப் பாதுகாப்பது பிசிஎச் கோடு. அந்த ‘பி’ நம்ம போஸ், ‘சி’ அவரோடு எழுதிய ராய்-சௌத்ரி, ‘எச்’ பிரான்ஸின் ஓக்கெங்கெம்.

எதெல்லாம் இருக்கிறது, எதெல்லாம் இல்லை என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. ப்ரொஜெக்டிவ் பிளேனுக்கு வரிசை எண் என்று ஒன்று உண்டு, கோட்டில் உள்ள புள்ளிகளைவிட ஒன்று குறைவு. பகா எண்ணோ அதன் அடுக்கோ என்றால் எப்போதும் கட்டலாம். 6-க்கு இல்லை. 10-க்கு இல்லை என்று 1989-ல் கிளெமென்ட் லாம் குழு கணினியை மாதக்கணக்கில் ஓட்டி முடிவு சொன்னது. 12-க்கு இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஹாடமார்டு அணி 4-இன் மடங்குகள் எல்லாவற்றிலும் உண்டு என்பது அனுமானம்தான், 668-க்கு இன்னும் கிடைக்கவில்லை. டி-டிசைன்கள் பொதுவாக இருக்கின்றனவா என்ற பழைய கேள்விக்கு, எண்கள் ஒத்துவந்து பொருள்கள் போதுமான அளவு அதிகமாக இருந்தால் நிச்சயம் உண்டு என்று 2014-ல் பீட்டர் கீவாஷ் பதில் சொன்னார். ஆனால் அது ‘உண்டு’ என்று சொல்லும், நமக்கு ஒன்றை எழுதிக் கையில் கொடுக்காது.

கடைசியாக, ப்ராஜெக்ட் எடுக்க ஏதாவது சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். இதைச் செய்து பாருங்கள். ஆட்டோ கணக்கில் 9 பேர், 12 ஆட்டோ சவாரி. ஒவ்வொரு சவாரியிலும் அன்றைய நாளின் பெயரையும் நாலாவது பயணியாக ஏற்றிவிடுங்கள். நாலு நாள்களையும் சேர்த்துத் தனியாக ஒரு பிளாக். 13 பொருள், 13 பிளாக், பிளாக்குக்கு 4. எந்த இரண்டு பிளாக்கும் ஒரு பொருளில் சந்திக்கும். இதையே 7×7 கட்டத்தில், 8 திசையில் செய்தால் 49-ம் 8-ம் சேர்ந்து 57 பொருள், பிளாக்குக்கு 8. குழந்தைகள் விளையாடும் டாபிள் சீட்டுக்கட்டு அதுதான், எந்த இரண்டு அட்டையிலும் பொதுவாக ஒரே ஒரு படம். 57 அட்டை போட்டிருக்கலாம், ஏனோ 55-தான் வைத்திருக்கிறார்கள், எந்த இரண்டைக் காணோம் என்று கண்டுபிடிப்பதே ஒரு நல்ல மாலைநேர வேலை.

13-க்கு வாருங்கள். காபிக்குச் செய்த மாதிரி 13 நாற்காலியை வட்டமாகப் போட்டு 1, 2, 4, 10 என்ற நாலு இடத்தைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தள்ளுங்கள், அதுவும் 13 பிளாக் தரும். ஆட்டோவிலிருந்து வந்ததும் நாற்காலியிலிருந்து வந்ததும் ஒரே டிசைன்தான், பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன. எந்த நாற்காலி எந்தப் பயணி, எவை நாலும் நாள்கள் என்று பொருத்திக் காட்ட வேண்டும். ஒரு துப்பு: நாள்களாக எந்த பிளாக்கை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மீதி ஒன்பதும் தானாக 3×3 கட்டத்தில் வந்து உட்காரும். கணினி வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.